பிலோமினாவுக்குக் கொடுத்த தண்ணீர்

பிலோமினா தேத்தண்ணி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கண்ணாடிக் கிளாஸ். அடியில் சீனி முழுதாகக் கரையாமல் கிடந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் நாலு பிஸ்கட்.

"நேத்து பிடிச்சு வச்ச கிணத்துத் தண்ணியிலதான் போட்டேன் டீச்சர். விடிஞ்சதுல இருந்து பைப்புல சொட்டுகூட வரல. நீங்க மட்டும் பக்கத்துல இல்லன்னா நாங்க என்னா பண்ணுவோம், சொல்லுங்க?"

அந்தக் கிணறு எங்களுடையது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வேலியைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இனி அந்தத் தண்ணீரைத் தொடாதே என்று சொல்லத்தான் அன்று காலை நான் போயிருந்தேன். சோதனைக்கூடத்துக் காகிதம் நான்காக மடிந்து என் கைப்பையில் இருந்தது.

அவள் எதிரே நின்று நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்திருக்கலாம். எனக்கு அது முடியவில்லை. அவள் ஆறு மாதத்துக்கு மேல் குடித்ததை நான் ஒரு வாய்கூடக் குடிக்கமாட்டேன் என்று எப்படிக் காட்டுவது? எடுத்துக் குடித்தேன். சூடு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் என் பாலர் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியே எழுதி வந்தேன். படித்துச் சிரித்தோம் என்று சிலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அன்று பிலோமினாவிடம் சொல்வதற்கு என்னிடம் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்றைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

அரை ஏக்கர்

என் வீட்டுக்காரர் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே, ஒரு காலத்தில் தோட்டமாக இருந்து துண்டு துண்டாக விற்கப்பட்ட நிலத்தில் அரை ஏக்கர் வாங்கினார். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து லயத்திலேயே கல்யாணம் முடித்த எங்களுக்குச் சொந்தமென்று கிடைத்த முதல் மண் அது.

முன்பக்கம் வீடு கட்டினோம். நடுவில் வாழையும் மரவள்ளியும் போட்டோம். பின்பக்கம் தாழ்வான நிலம். அதைத் தாண்டினால் பாரிட், அதாவது தோட்டக் காலத்தில் வெட்டிய நீண்ட வாய்க்கால்.

கடல் அதிகத் தூரமில்லாத ஊர். ஆறடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். பக்கத்து நிலத்து வேலி ஓரம் சிமெண்டு உறை இறக்கிக் கிணறு கட்டி, மோட்டார் வைத்தோம். தண்ணீர் மஞ்சளாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்து மண்ணில் இரும்பு அதிகம். வெள்ளைச் சட்டையை அதில் நாலு தடவை அலசினால் பழுப்பேறிவிடும். அதனால் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்பட்டதில்லை.

குழாய்த் தண்ணீர் விஷயத்தில் நாங்கள் கடைசி வீட்டுக்காரர்கள். எங்கேயோ பழுது பார்க்கிறோம் என்று நிறுத்தினால், டவுனில் மறுநாளே வந்துவிடும். எங்களுக்கு நாலாம் நாள்தான் சொட்டும். மற்ற நாளிலும் நூல் மாதிரி வரும்.

நாங்கள் வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் பக்கத்து நிலத்துக்கு அந்தோணி குடும்பம் வந்தது. அந்தோணி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். அவர் மனைவிதான் பிலோமினா. பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம் படித்தவர்கள். அதனால் அவளுக்கும் நான் டீச்சர்.

வந்த புதிதில் ஒரு வாளியோடு தயங்கித் தயங்கி வேலி ஓரம் நின்றாள். "ஒவ்வொரு தடவையும் கேக்காத பிலோ" என்று சொல்லி நான்தான் ரப்பர் குழாயை வேலிக்கு மேலே தூக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு அந்தக் குழாய் அங்கேயே கிடந்தது. கிறிஸ்மஸுக்கு அவள் கேக் கொண்டுவந்து தருவாள். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று நான் முறுக்கு வைத்துத் தருவேன்.

மூக்கு

கோவிட் வந்து படுத்து எழுந்தபோது எனக்கு வாசனை போயிருந்தது. திரும்பி வரும் என்றார்கள். வரவில்லை.

வாசனை இல்லாமல் வாழ்வது என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. தலையில் வைத்த மல்லிகை வெறும் காகிதம் மாதிரி இருக்கும். கறி அடிப்பிடித்தால் புகை கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும். ஒரு தடவை கேஸ் திறந்தே கிடந்தது.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர்தான் எனக்கு மூக்கு. "சரசு, பால் திரிஞ்சிருச்சு." "சரசு, அந்த மீனை வீசிடு." மேசையில் எதை வைத்தாலும் முதலில் அவரிடம் நீட்டுவேன். அவர் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினால்தான் சமைப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்தக் காலத்தில்தான் என்று தோன்றுகிறது. அதை நினைத்தால்தான் இன்னும் அதிகம் வலிக்கிறது.

நீலத் தோங்

ஆலையில் அவரோடு வேலை செய்தவர் சின்னராசு. நல்ல மனுஷர். எங்கள் மகள் கல்யாணத்தில் மூன்று நாள் எங்களோடு நின்று வேலை பார்த்தவர்.

ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரு தொழில் ஆரம்பித்தார். தொழிற்சாலைகள் கழித்துப் போடும் நீலத் தோங்குகளை, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வாங்கி வந்து கழுவி, மழைத் தண்ணீர் பிடிக்கவும் உரம் கரைக்கவும் விற்பார். கழுவ ஒரு இடம் வேண்டும் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பின்பக்கத் தாழ்வு நிலத்தைக் காட்டிவிட்டார்.

எண்ணெய்ப் பிசுக்கு போவதற்கு ஏதோ ஒரு திரவத்தைத் தோங்குக்குள் ஊற்றி, மூடி, தரையில் உருட்டுவார்கள். பிறகு அப்படியே மண்ணில் கவிழ்த்துவிடுவார்கள். துணி காயப்போடும்போது நான் தினமும் பார்த்ததுதான். சவர்க்காரத் தண்ணீர் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொள்வேன்.

கொஞ்ச நாளில் அந்த இடத்தில் புல் வட்டமாகக் கருகியது. "பாத்தீங்களா அண்ணி, இனிமே புல் வெட்டுற வேலை மிச்சம்" என்றார் சின்னராசு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மெஷின் தண்ணி

ஆடி மாதத்தில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் இரண்டு பெரிய போத்தல் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தார். டவுனில் சில்லறை போட்டால் சுத்தத் தண்ணீர் ஊற்றும் மெஷின் இருக்கிறது. அங்கே பிடித்தது.

"என்னாங்க இது?"

"உனக்கு முன்ன கிட்னியில கல்லு வந்துச்சுல்ல. இந்த இரும்புத் தண்ணி இனிமே உனக்கு வேணாம். குடிக்க, சமைக்க எல்லாம் இதுதான்."

வெயிலோ மழையோ, மூன்று நாளைக்கு ஒரு தடவை போய்ப் பிடித்து வருவார். கோயிலில் பார்க்கிற பெண்களிடமெல்லாம் நான் இதைப் பெருமையாகச் சொன்னேன். பிலோமினாவிடமும் சொன்னேன். "அண்ணன் உங்கமேல உசுரையே வச்சிருக்காரு டீச்சர்" என்றாள்.

தேவி வந்தபோது

பொங்கலுக்கு எங்கள் மகள் தேவி கிள்ளானிலிருந்து வந்தாள். முகம் கழுவப் போனவள் உடனே வெளியே வந்துவிட்டாள்.

"அம்மா, என்னாம்மா இது? தண்ணி நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஸ்மெல் வருது!"

"எனக்கு எங்கடி தெரியும்?"

"அப்பாவுக்குமா தெரியல?"

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மழை பெஞ்சா அப்படித்தான்லா. பாரிட் தண்ணி ஏறியிருக்கும்."

தேவி இரண்டு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் காகிதத்தோடு வந்தாள். அதில் இருந்த பெயர்களை என்னால் வாசிக்க முடியவில்லை. இரும்பில் ஒட்டிய கிரீஸைக் கரைக்கிற திரவம் என்று அவள் சொன்னாள். ஈரலுக்கு ஆகாது. கொதிக்க வைத்தால் ஆவியாகி மூச்சில் போகும். குளிப்பதும் நல்லதில்லை.

காகிதத்தை வாங்கி நான்காக மடித்தேன். வாயில் முதலில் வந்தது இதுதான்: "நல்ல வேளை, அப்பா எனக்கு மெஷின் தண்ணி வாங்கிட்டு வர்றாரு."

தேவி என்னைப் பார்த்தாள். "எப்ப இருந்தும்மா?"

"ஆடியில இருந்து."

அவள் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். அவர் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா?"

"சின்னராசுகிட்ட சொன்னேன். கொஞ்சம் தள்ளி வச்சுக் கழுவுடான்னேன். சரின்னான்."

"அதக் கேக்கலப்பா."

நான் கேட்டேன். "உங்களுக்கு வாசம் தெரிஞ்சுதா?"

"லேசாத்தான் சரசு."

"பிலோமினா வீட்டுக்குக் குழாய் போகுதே?"

அவர் விரிப்பின் ஓரத்தை மடித்துவிட்டார். பிறகு, யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற மாதிரி சொன்னார். "குழாய எடுத்தா ஏன்னு கேப்பாங்க. சொன்னா சின்னராசுவப் பிடிப்பாங்க. நெலத்தையும் பூட்டுவாங்க. இருக்கிறதே இது ஒண்ணுதான். அவங்க கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

தேவி எழுந்து போய் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள்.

பாதிக் கிளாஸ்

மறுநாள் காலைதான் நான் பிலோமினா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வழியில் எல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன். தண்ணீரில் விஷம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அது முன்பே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

பாதிக் கிளாஸ் குடித்த பிறகு காகிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். முதல் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"வாசம் வந்துச்சு டீச்சர். கொஞ்ச நாளாவே வந்துச்சு. பெரியவன் குடிக்கவே மாட்டேன்னான், நான்தான் திட்டிக் குடிக்க வச்சேன்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீங்க சும்மா குடுக்குறீங்க. அதுல போயி வாசம் வருது, அது இதுன்னு எப்படிச் சொல்றது? உங்க மனசு சங்கடப்படும்ல."

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இரண்டாவது விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தோணி வந்து என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடிப்பார் என்று பயந்தேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அவள் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது நின்றுவிடுமே என்றுதான் பயந்தேன்.

எழுந்து வரும்போது ரப்பர் குழாயை என் பக்கம் இழுத்துச் சுருட்டினேன். உள்ளே மிச்சம் இருந்த தண்ணீர் என் காலில் கொட்டியது.

மண்ணை அள்ளினார்கள்

தேவிதான் புகார் கொடுத்தாள். சொந்த அப்பா நிலத்தின் மேல் புகார் எழுதிய பிள்ளை அவள். அதற்காக அவளை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து வந்தார்கள். மஞ்சள் நாடா கட்டினார்கள். அவர்களில் ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி, தேவி வயதுதான் இருக்கும், என்னை மாக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிட்டுப் பொறுமையாகப் பேசினார். இரும்புக் குழாயை மண்ணுக்குள் அடித்து எடுத்தார்கள். மேலே பழுப்பு மண், மூன்றடிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று வந்தது. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒன்றும் தெரியாமல் நான் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் ஓடிவந்து என் முகத்தில் முகக்கவசத்தை மாட்டிவிட்டார்.

சின்னராசுவின் போன் அணைந்து கிடந்தது. ஜொகூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. நூற்றுக்கும் மேற்பட்ட தோங்குகள் எங்கள் நிலத்தில்தான் நின்றன. அவரைத் தேடிப் பிடிப்பது தனி வழக்கு, நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் நீங்கள், துப்புரவு செய்வது உங்கள் பொறுப்பு என்றார்கள். சேமநிதியில் மிச்சம் இருந்ததெல்லாம் அதிலேயே போயிற்று.

மண்வாரி இயந்திரம் வந்து ஒரு வாரம் தோண்டியது. வாழை மரங்கள் எல்லாம் சாய்ந்தன. தார்ப்பாய் போட்டு மூடிய லோரிகள் மண்ணை ஏற்றிக்கொண்டு போயின. பிறகு எங்கிருந்தோ சிவப்பு மண் கொண்டுவந்து நிரப்பினார்கள். கிணற்றுக்குள் சிமெண்டு ஊற்றி மூடினார்கள்.

"முடிஞ்சுதாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் மலாயில் கேட்டேன்.

"மண்ணை அள்ளிட்டோம் மாக்சிக். அடியில இருக்கிற தண்ணியை அப்படி அள்ள முடியாது. அது நகர்ந்துக்கிட்டே இருக்கும்."

"எந்தப் பக்கம் நகருது?"

அவர் கையை நீட்டினார். பிலோமினா வீட்டுப் பக்கம். அவரே இன்னொன்றும் சொன்னார். நிலத்தின் சாய்வுப்படி பார்த்தால் விஷம் பாரிட் பக்கம்தான் போயிருக்க வேண்டும். எங்கள் மோட்டார் தினமும் இழுக்க இழுக்க, அது கிணற்றை நோக்கித் திரும்பி வந்திருக்கிறது. நாங்கள் எவ்வளவு அதிகம் தண்ணீர் எடுத்தோமோ அவ்வளவு வேகமாக வந்திருக்கிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று இடத்தில் குழாய் இறக்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் போய்க் கேட்பேன். "மாசே அடா" என்பார்கள். இன்னும் இருக்கிறது.

அந்தோணி குடும்பம் அங்கே இருக்கவில்லை. சுங்கை ஆயர் தாவாரில் அவர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். லோரியில் சாமான் ஏற்றும்போது அந்தோணி வேலி ஓரம் வந்து என் வீட்டுக்காரரிடம், "வர்றோம்ணே, ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வாசலில்

போன மாதம் ஒரு காலை, பத்து மணி இருக்கும். வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். பிலோமினா நின்றாள். மெலிந்திருந்தாள். கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள்.

"உள்ள வா பிலோ."

"இல்ல டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஈரல் ரீடிங் சரியில்லையாம். மாதா புண்ணியத்துல பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவங்க பகல்ல ஸ்கூல்ல இருந்துட்டாங்க. நான்தானே நாள் பூரா வீட்டுல இருந்தேன்."

தண்ணீரால்தான் வந்ததா என்று கேட்டேன். டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சொல்வதற்கு ஒரு கணக்கு வேண்டுமாம்.

"எத்தன மாசம் குடிச்சீங்கன்னு கேக்குறாரு. வாசம் நல்லா வந்ததுதான் எனக்குத் தெரியும். அதுக்கு முன்ன எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா டீச்சர்?"

கையில் ஆஸ்பத்திரி அட்டையும் பேனாவும் வைத்திருந்தாள். என் பின்னால் கதவு லேசாக அசைந்தது. என் வீட்டுக்காரர் அங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொங்கலில்தான் தெரிந்தது என்றால் என்னைப் பொறுத்தவரை அது பொய்கூட இல்லை.

"ஆடி" என்றேன். "ஆடியிலயே இருந்துச்சு பிலோ. அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கலாம். அவருக்கு ஆடியில வாசம் தெரிஞ்சிருச்சு. அதனாலதான் எனக்கு மெஷின் தண்ணி."

ரோட்டில் ஒரு குலை லோரி போனது. அது போய் முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்களே. அப்ப இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் அட்டையைக் கேட்டின் மேல் கம்பியில் வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"ஆடின்னா ஜூலையா?"

"ஜூலை."

எழுதினாள். மை வராமல் இரண்டு தடவை கிறுக்கிப் பார்த்து மறுபடி எழுதினாள். அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். டீச்சர் என்று சொல்லவில்லை. வர்றேன் என்றும் சொல்லவில்லை.

நான் உள்ளே வந்தேன். அவர் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னா கேட்டுச்சு?"

"எந்த மாசத்துல இருந்துன்னு கேட்டா."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எந்த மாதம் என்று என்னிடம் கேட்கவில்லை.